பள்ளி விழாவும் ஊர்ப்பொருளும்
தாம்பரம் சூழ்ந்த தென்புறநகர்ப் பகுதியை முன்னிறுத்தி ஓர் ஆய்வு

தமிழகத்துத் தொடக்கக் கல்வியின் வரலாறு பெரும்பாலும் சட்டங்களையும் அறிக்கைகளையும் பள்ளிகளின் தொகையையும் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. அவை இன்றியமையாத சான்றுகளே. ஆயினும் ஒரு சிற்றூர்ப் பள்ளி தன்னைச் சூழ்ந்த மக்களோடு எவ்வாறு வாழ்ந்தது என்பதை அச்சான்றுகளால் மட்டும் அறிதல் இயலாது. பள்ளி தன் திண்ணையை விட்டுத் தெருவுக்கு இறங்கும் நாளும், ஊர் தன் வேலையை விட்டுப் பள்ளிக்குள் நுழையும் நாளும் ஆண்டில் சிலவே. அந்நாட்களையே விழா என்கிறோம். அவ்விழாவுக்குப் பொருள் தந்தவர் யாவர், அதில் உண்டவர் யாவர், அதற்குப் புறத்தே நின்றவர் யாவர் என்னும் மூன்று வினாக்களைத் தொடுத்துப் பார்ப்பின் கல்வி வரலாற்றில் இதுவரை சிறப்பாகக் கருதப்படாத ஒரு பக்கம் விளங்கும். அதனை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டு நாம் கருதும் நிலப்பகுதி சைதாப்பேட்டை, அடையாறு முதலாகப் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வழியே வண்டலூர் வரை தெற்கு நோக்கிச் செல்வது. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதி எனலாம். 1997இல் அம்மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019இல் காஞ்சிபுரத்தினின்றும் செங்கற்பட்டு மீண்டும் தனி மாவட்டமாகப் பிரிந்தது. தாம்பரம் 2021இல் மாநகராட்சியாயிற்று. ஏரியும் வயலுமாய்க் கிடந்த ஊர்கள் ஒரு நூற்றாண்டுக்குள் நகரமாகிவிட்டமையின், பள்ளிக்கும் ஊருக்கும் இருந்த உறவின் மாற்றத்தை இப்பகுதியிற் காண்பது போல் பிறபகுதியிற் காண்டல் அரிது.

கற்பார்க்கு உணவளித்தல் இம்மாவட்டத்துக்குப் புதியதன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் உள்ள திருமுக்கூடலின் பெருமாள் கோயிற் கல்வெட்டு, வீரராசேந்திர சோழன் காலத்தது; 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்தது. பதினைந்து படுக்கைகளையுடைய ஆதுலர் சாலையைக் குறிப்பதனால் அது மருத்துவ வரலாற்றில் பெரிதும் பேசப்படுகின்றது. அக்கல்வெட்டே ஆண்டு தங்கிக் கற்ற மாணாக்கர்க்கு உணவும், பாயும், விளக்கெண்ணெயும், சனிக்கிழமை முழுக்குக்கு எண்ணெயும் வகுத்துக் கூறுகின்றது. கோயில் விழாச் செலவும் மாணாக்கர் உணவுச் செலவும் ஒரே கணக்கில் நிற்றல் நோக்கத்தக்கது. எனினும் அக்கல்வி வேதமும் வடமொழி இலக்கணமும் ஆகமமும் பற்றியது, சிலர்க்கே உரியது. ஊர்ப்பிள்ளைகள் எழுத்தும் எண்ணும் கற்ற இடம் அதுவன்று.

அவ்விடம் திண்ணைப் பள்ளியாகும். சர் தாமசு மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பின் முடிவு 1826இல் வெளிவந்தது. சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தமையை அது காட்டுகின்றது. மாணவருள் பெண்கள் 4,540 பேரே. இத்தொகைகளை எடுத்தாள்வோர் பலரும் மன்றோ அதே குறிப்பில் ஆசிரியர் ஊதியம் பற்றிக் கூறியதைக் கடந்துசெல்கின்றனர். ஆசிரியர்க்குத் திங்களொன்றுக்கு ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் கிடைத்தல் அரிதென்றும், தக்காரை அத்தொழிலுக்கு ஈர்க்க அது போதாதென்றும் அவர் கருதினார். அரசு வேறு எவ்வழியாலும் திண்ணையாசிரியர்க்குப் பொருள் தந்திலது. எனவே அவரைத் தாங்கியது ஊர். ஊர் அவர்க்குக் கொடுத்ததோ திங்கட் காசும் தானியமும் காய்கறியும் விழாநாட் கொடையுமாம்.

விழாநாட் கொடைகளுள் தலையாயது நவராத்திரியிற் பெற்றது. மகாநவமி என்னும் சொல் மக்கள் வழக்கில் மானம்பூ எனத் திரிந்து, அக்காலத்துப் பள்ளிச் சடங்கு ஒன்றன் பெயராகவும் நின்றது. மகர்நோன்பு என்பதும் அதன் மற்றொரு வடிவம். தஞ்சையில் மானம்புச்சாவடி என வழங்கும் இடப்பெயரும் இதனோடு தொடர்புடையது. அந்நாட்களில் திண்ணையாசிரியர் தம் மாணாக்கரை அணியணியாக நிறுத்திக் கோலாட்டக் கோல்களோடு வீடு வீடாக அழைத்துச் செல்வார். பிள்ளைகள் ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் பாடி ஆடுவர். வீட்டார் தத்தம் தகுதிக்கேற்பப் பணமோ துணியோ ஆசிரியர்க்கு அளிப்பர். பிள்ளைகட்குத் தின்பண்டம் கிடைக்கும். இவ்வழக்கம் தமிழ்நாட்டுக்கே உரியதன்று. தெலுங்கு நாட்டிலும் தசராப் பாடல்கள் என்னும் பெயரில் இதற்கொத்த பாடல்கள் உள. அவையும் ஆசிரியர்க்கு ஒரு கொடையும் சிறார்க்கு ஒரு கொடையும் எனப் பிரித்தே கேட்கின்றன. இருமொழியும் கலந்து வழங்கிய செங்கற்பட்டுப் பகுதியில் இவ்விருமரபும் அயல் அயலே வழங்கியிருத்தல் வியப்பன்று.

இதனை இரத்தல் என்று இழித்துரைப்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அணிவகுப்பில் வரும் பிள்ளை தன் வீட்டு வாயிலிலேயே நின்று பாடும்போது பெற்றோர் அறிவது என்ன? தம் மகன் ஓராண்டில் எத்துணை மனப்பாடம் செய்தான், எத்துணைத் தெளிவாகச் சொல்லை ஒலிக்கின்றான், பிறரோடு இயைந்து நிற்கின்றானா என்பனவற்றை அறிகின்றனர். தேர்வும், அதன் முடிவை ஊரறிய வெளியிடுதலும், ஆசிரியர்க்கு ஊதியம் வழங்குதலும் ஆகிய மூன்றும் ஒரே நிகழ்ச்சியில் அடங்கிவிடுகின்றன. பின்னாளில் இம்மூன்றும் மூன்று அலுவலகங்களின் பணியாகப் பிரிந்தன. திண்ணைப் பள்ளியின் அன்றாட நடைமுறைகளிலும் இத்தகைய கூட்டுவாழ்வின் கூறுகள் உண்டு. காலையில் யாவர்க்கும் முன்னே வருவோனை வேத்தான் எனச் சிறப்பித்தல், மூத்த மாணாக்கனைச் சட்டாம்பிள்ளையாக்கி இளையோரைக் கற்பிக்கச் செய்தல் முதலியன அவை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திர’த்தில் தம் இளமைக்காலத் திண்ணைப் பள்ளியைப் பற்றி வரைந்துள்ள பகுதி இத்துறையில் ஆய்வோர் யாவரும் பயிலத்தக்கது. சட்டாம்பிள்ளை முறையே, ஆண்டுரூ பெல் என்பார் 1789 முதற்கொண்டு சென்னை எழும்பூர் ஆண் அனாதையர் விடுதியில் கையாண்டு, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட, ‘சென்னை முறை’ என்ற பெயரால் இங்கிலாந்தின் ஏழையர் பள்ளிகளிற் பரவிற்று. மணலில் விரலால் எழுதிய தமிழ்ப் பிள்ளைகளைக் கண்டே அவர் அம்முறையைத் தொடங்கினார் என்பது அவரே கூறிய செய்தி. கடல் கடந்து சென்றது முறை மட்டுமே, மானம்பூ செல்லவில்லை.

இனி, மானம்பூ அணிவகுப்பு எத்தெருக்களிற் சென்றது என்னும் வினாவுக்கு வருவோம். அது ஊரினுள் சென்றது, சேரிக்குள் செல்லவில்லை. சேரிப்பிள்ளை அத்திண்ணையில் ஏறியதும் இல்லை. ஊர் என்னும் சொல்லை நாம் மேலே பலகால் ஆண்டோம். அச்சொல்லின் எல்லை இவ்விடத்தே வெளிப்படுகின்றது. திண்ணைப் பள்ளியின் கூட்டுவாழ்வைப் போற்றி எழுதுவோர் இவ்வெல்லையைக் கூறாது விடுதல் வரலாற்று நேர்மையாகாது.

அவ்வெல்லைக்கு அப்பால் இப்பகுதியில் எழுந்த முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது அடையாற்றின் அருகே ஊரூரில் கர்னல் ஒல்காட்டு 1894இல் நிறுவிய இலவசப் பள்ளியாகும். அடுத்த சில ஆண்டுகளில் தாமோதர், திருவள்ளுவர் முதலிய பெயர்களோடு வேறு பள்ளிகளும் எழுந்தன. ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகட்கென எழுந்த பள்ளி ஒன்றற்குத் திருவள்ளுவர் பெயரைச் சூட்டியமை தமிழ் ஆய்வாளர் நினைவிற் கொள்ளத்தக்கது. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் ஒல்காட்டோடு இலங்கைக்குச் சென்றமையும் இக்காலத்தே நிகழ்ந்தது. இப்பள்ளிகளைக் கண்காணித்த சாரா பாமர், கோர்ட்ரைட்டு என்னும் அமெரிக்க அம்மையார் இருவரும் குழந்தைப் பள்ளிக்குரிய விளையாட்டு முறைகளைக் கையாண்டனர். சமையலும் பாடமாயிற்று. அப்பாடத்தின் நோக்கம் பிள்ளைகள் பிற்காலத்தில் வீட்டுவேலை செய்து பிழைப்பர் என்பதே. ஒல்காட்டின் எண்ணம் உயர்ந்ததாயினும் அவர் அப்பிள்ளைகட்கு வகுத்த எதிர்காலம் குறுகியது என்பதை மறைத்தல் கூடாது. 1894இல் தோன்றிய பள்ளி பின்னர் ஒல்காட்டு நினைவு உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, நிறுவியவர் வகுத்த எல்லையைத் தாண்டிற்று.

இதற்கிடையே திண்ணைப் பள்ளிகளின் நிலையும் மாறலாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேர்ச்சியை அளந்து உதவித்தொகை அளிக்கும் முறையை அரசு கைக்கொண்டது. பள்ளிப் பார்வையாளர் வந்து ஒவ்வொரு மாணவனையும் சோதித்துத் தொகை வரையறுப்பார். அதனால் ஆண்டின் பெருநாள் பார்வையாளர் வரும் நாளாயிற்று. திண்ணை மெழுகப்பட்டது, தோரணம் கட்டப்பட்டது, பிள்ளைகள் வெளுத்த துணி உடுத்தி வந்தனர். தெருவை நோக்கியிருந்த விழாவின் முகம் அலுவலரை நோக்கித் திரும்பியதென்றே கூறல் வேண்டும். ஆசிரியர்க்கு ஊதியம் வந்த திசையை நோக்கியே விழாவும் திரும்பிற்று என்பது நம் கருத்து. இதற்கு ஆசிரியரைக் குறைகூறுதல் பொருந்தாது.

1920 இப்பொருளில் இரு வகையால் நினைக்கத்தக்க ஆண்டு. சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் அவ்வாண்டில் நிறைவேறிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 16ஆம் நாள், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகட்கு நண்பகல் உணவளிக்க இசைந்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாது செலவிடல் வேண்டும் என்பது விதி. பின்னர் வேறு சில பள்ளிகட்கும் இது பரவிற்று. ஆனால் தொடக்கக் கல்வி நிதியினின்றும் இச்செலவைச் செய்தற்கு அரசு இசையாமையின் 1925இல் திட்டம் நின்றது. உணவு கல்வியின் பகுதியா, அன்றி அறச்செயலா என்னும் வினாவே அத்தடையின் உள்ளீடாம். அவ்வினா பின் முப்பதாண்டுகள் விடையின்றி நின்றது.

அக்காலத்தே தாம்பரம் சூழ்ந்த பகுதியின் முகமும் மாறிற்று. 1928இல் மருத்துவர் சௌரி முத்து காசநோய் நிலையத்தை நிறுவினார். 1931இல் கடற்கரையினின்றும் தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கிற்று. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. தோல் தொழிற்சாலையின் பெயரால் குரோம்பேட்டை என ஓர் ஊரே எழுந்தது. இவற்றுள் பள்ளிக் கூட்டுவாழ்வை மிகுதியும் மாற்றியது எதுவெனின், இரயில் என்போம். திண்ணையாசிரியர் ஊரில் வாழ்ந்தார், ஊராரின் கடிதங்களை எழுதினார், கணக்குப் பார்த்தார், நல்ல நாள் குறித்துக் கொடுத்தார். மின்சார வண்டி வந்தபின் ஆசிரியர் காலையில் வந்து மாலையிற் செல்லும் அலுவலராதற்கு வழி பிறந்தது. பெற்றோருள் பலரும் அதே வண்டியில் நகருக்குப் போய்வருவோராயினர். பகலில் ஊரில் இருப்போர் குறையக் குறைய, பள்ளிக்குள் நுழைந்து பார்ப்போரும் குறைந்தனர். ஆண்டு விழா மாலைப்பொழுதில் நிகழ்தலும், அதில் நாடகம் தலைமையிடம் பெறுதலும் இச்சூழலோடு ஒத்துவந்தன. 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த சம்பந்த முதலியாரின் பெயரோடு ஒட்டிய பம்மல் இப்பகுதியதே என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். கற்றோர் மேடையேறி நடித்தல் இழிவன்று என்னும் எண்ணம் அவர்போன்றோரால் வேரூன்றிய பின்னரே, பள்ளி மேடையிற் பிள்ளைகள் நடித்தலைப் பெற்றோர் பெருமையாகக் கருதலாயினர்.

1937இல் வார்தாவில் உருவாகிய ஆதாரக் கல்வித் திட்டம் கூட்டுவாழ்வு என்பதனையே பாடத்தின் பகுதியாக்கிற்று. துப்புரவு, வழிபாடு, தோட்டவேலை, நூல்நூற்றல், மாணவர் தேர்தல், விழாக் கொண்டாட்டம் ஆகியன அட்டவணையில் இடம்பெற்றன. ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளில் அதற்கெனப் பயிற்சியும் தரப்பட்டது. கருத்து நன்றே. ஆயினும், இயல்பாக நிகழ்ந்ததைப் பாடவேளையாக்கினால் அதன் உயிர் குன்றும் என்பதற்கு இது சான்றாயிற்று. 1953இல் இராசாசி அமைச்சரவை கொணர்ந்த அரைநாட் பள்ளித் திட்டமோ, பிள்ளைகள் எஞ்சிய நேரத்தில் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் எனக் கூறிப் பெரும் எதிர்ப்பைப் பெற்றது. வீட்டுத் தொழில் என்பது பிறப்பாற் பெறும் தொழில் என மக்கள் பொருள்கொண்டனர். அவ்வாறு கொண்டதிற் பிழையில்லை. 1954இல் முதலமைச்சரான காமராசர் அதனைக் கைவிட்டார்.

இதனைத் தொடர்ந்த பத்தாண்டுகளே நம் பொருளுக்கு மிகுதியும் பயன்படுவன. காமராசரின் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. அவர் செங்கற்பட்டு மாவட்டத்து நெய்யாடுபாக்கத்தில் 1912இல் பிறந்தவர். சிற்றூர்ப் பள்ளியின் வறுமையை அறிந்தவர். 1956இல் தொடங்கிய பகலுணவுத் திட்டம் முதலில் மக்கள் கொடையாலேயே நடந்தது. பின்னர் 1957இல் அரசு பங்கேற்றது. ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்குப் பத்துப் புதுக்காசு எனக் கணித்து, அதில் ஆறு காசை அரசும் நான்கு காசை ஊராரும் ஏற்றனர். இந்நான்கு காசினை நாம் சிறிதென எண்ணலாகாது. 1925இல் நின்ற வினாவுக்கு இக்கணக்கே விடை தந்தது. உணவு கல்விச் செலவே என்று அரசு ஒப்பிற்று. அது ஊரின் கடனுமாம் என்று ஊரும் ஒப்பிற்று.

அடுத்த படியாகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தோன்றின. முதல் மாநாடு 1958இல் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் நிகழ்ந்தது. பின்னர் மாநிலம் முழுதும் வட்டார அளவில் இவை தொடர்ந்தன. நடைமுறை எளியது. ஆசிரியர்கள் முதலில் தம் பள்ளிக்கு வேண்டுவனவற்றைப் பட்டியலிடுவர்: கட்டடம், கூரை மாற்றல், கிணறு, பலகை, கரும்பலகை, கடிகாரம், மணி, நிலப்படம், தண்ணீர்ப் பானை, சீருடை, உணவுத் தட்டு. பின்னர் ஊராரை அணுகி இன்ன பொருளை இன்னார் தருவர் என உறுதி பெறுவர். மாநாட்டு நாளில் அப்பொருள்கள் காட்சியாக வைக்கப்படும். கொடையாளரின் பெயர் மேடையிற் படிக்கப்படும். சீருடை அணிந்த பிள்ளைகள் அணிவகுத்து வருவர். அமைச்சரும் அலுவலரும் ஊர்ப்பெரியவரும் ஒரே பந்தலில் அமர்வர்.

இதனை மானம்பூவோடு ஒப்பிட்டு நோக்குக. அங்கும் அணிவகுப்பு, இங்கும் அணிவகுப்பு. அங்கும் வீடுவீடாகச் சென்று பெறும் கொடை, இங்கும் அஃதே. ஆனால் மூன்று வேறுபாடுகள் உள. திண்ணைப் பள்ளியில் கொடை ஆசிரியர்க்கு உரியது. இங்கோ பள்ளிக்கும் பிள்ளைகட்கும் உரியது. ஆசிரியர் தமக்கென ஏதும் பெறுவதில்லை. திண்ணை அணிவகுப்பு சேரியைத் தவிர்த்தது. பகலுணவுப் பந்தியில் எல்லாப் பிள்ளைகளும் ஒருங்கமர்தல் வேண்டும் என்பது இங்கு அடிப்படை. சில ஊர்களில் இதுவே கொடைக்கு இடையூறாகவும் இருந்திருத்தல் கூடும். மூன்றாவது வேறுபாடு அத்துணை மகிழ்ச்சி தருவதன்று. மானம்பூவில் பாடிய பிள்ளையே கொடைக்குக் காரணன். அவன் திறமையைக் கண்டு வீட்டார் கொடுத்தனர். மாநாட்டிலோ பிள்ளை பெறுவோனாகவும், கொடையாளர் காட்சிக்குரியோராகவும் ஆயினர். விழாவின் நடுவிடம் கற்றலினின்றும் கொடுத்தலுக்கு இடம்பெயர்ந்தது. கொடை திரட்டும் சுமையும் பெரும்பாலும் ஆசிரியர் தோளிலேயே விழுந்தது. இவற்றைக் கூறுவதனால் அவ்வியக்கத்தின் பெருமையை நாம் மறுக்கின்றோம் என்று கொள்ளற்க. கூரையில்லாப் பள்ளிக்குக் கூரையும், உடையில்லாப் பிள்ளைக்கு உடையும் வந்தன. பசியால் பள்ளியை விட்டோடிய பிள்ளை திரும்பி வந்தான். அளவையிற் பார்ப்பின் தமிழகத்துத் தொடக்கக் கல்வியில் ஊர்மக்கள் இத்துணைப் பெருந்தொகையாகப் பங்கேற்ற காலம் வேறொன்றைக் காட்டல் அரிது.

பின்வந்த நிகழ்ச்சிகளைச் சுருங்கக் கூறுவோம். 1982 ஜூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின்பின் உணவு முற்றிலும் அரசின் பொறுப்பாயிற்று. நான்கு காசுக் கணக்கு மறைந்தது. 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிப் பின் மாநிலம் முழுதும் பரவிற்று. அட்டைகளும் படிநிலைகளும் வகுப்பறையையே விழாக்கோலம் கொள்ளச் செய்தன. காமராசர் பிறந்த ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளாக 2006இல் அறிவிக்கப்பட்டது. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டமும், அரசுப் பள்ளிகளின் கலைத்திருவிழாவும், செப்டம்பர் 15இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கின; காலை உணவு 2025இல் நகர்ப்புற அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகட்கும் விரிந்தது. 2022 இறுதியில், முன்னாள் மாணவரும் பிறரும் பள்ளிக்குக் கொடையளித்தற்கென ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்ற பெயரில் ஓர் அமைப்பும் ஏற்பட்டது. அதன் பெயரில் ஊர் மீண்டும் வந்துவிட்டது. ஆனால் கொடையாளர் அவ்வூரிலேயே வாழ்தல் வேண்டும் என்பதில்லை. கடல் கடந்திருந்தும் கொடுக்கலாம். திண்ணை வாயிலிற் பாடிய பிள்ளையின் குரலைக் கேட்டுக் கொடுத்தலுக்கும் இதற்கும் உள்ள தொலைவை ஆய்வாளர் அளந்து பார்த்தல் வேண்டும்.

அவ்வாறு அளத்தற்குரிய சான்றுகள் எங்குள்ளன? அச்சு நூல்களிற் சிலவே. பள்ளிகளின் வருகைப் பதிவேடு, பார்வையாளர் குறிப்பேடு, சேர்க்கைப் பதிவேடு, விழா அழைப்பிதழ், ஆண்டறிக்கை ஆகியன முதன்மையானவை. சேர்க்கைப் பதிவேட்டில் தந்தையின் தொழில் எழுதும் பத்தியொன்றே, ஏரிப்பாசன ஊர் தொழிற்சாலையூராகவும் பின் இரயில்வழி அலுவலர் ஊராகவும் மாறியதை ஆண்டு ஆண்டாகக் காட்டவல்லது. இவற்றினும் விரைந்து அழிவன கட்டடச் சுவரிற் பதித்த சிறு கற்கள். இன்னார் நினைவாக இன்னார் அளித்த அறை எனவும், இன்னார் திறந்துவைத்தது எனவும் நாளோடு பொறித்த அக்கற்கள், 1958ஐ ஒட்டிய ஆண்டுகளின் கொடை வரலாற்றுக்கு நேரடிச் சான்றுகள். கோயிற் கல்வெட்டைப் படியெடுக்கும் நம் துறையினர் இவற்றைக் கல்வெட்டாகக் கருதியதில்லை. பழைய ஓட்டுக் கட்டடங்களை இடித்து மாடிக் கட்டடம் எழுப்பும்போது அக்கற்கள் இடிபாட்டோடு ஏற்றிச் செல்லப்படுகின்றன. பல்லாவரம் முதல் வண்டலூர் வரை உள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் சுவர்க்கற்களை முதுகலை மாணவர் பள்ளிக்கொருவராகச் சென்று, கொடுத்தார் பெயர், கொடைப்பொருள், நாள், கல் பதித்த இடம் ஆகியவற்றோடு படியெடுப்பாராயின் ஓர் ஆண்டிற்குள் அப்பணி முடியும். கொடையாளருட் பெண்கள் எத்துணையர், சேரியைச் சார்ந்தார் எத்துணையர் என்பதனையும் அப்படிகளைக் கொண்டே கணக்கிடலாம்.